போஹாங் ஸ்டீலர்ஸ்: உருக்காலையில் பிறந்த கால்பந்து கிளப்பின் அரை நூற்றாண்டு

தென் கொரியாவின் கிழக்குக் கடற்கரையில், வட கியோங்சாங் மாகாணத்தில் அமைந்துள்ள போஹாங் நகரின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். தலைநகர் சியோலில் 90 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கின்றனர். ஆயினும் ஆசியக் கண்டத்தின் கிளப் சாம்பியன் பட்டத்தைப் போஹாங்கின் அணி மூன்று முறை கைப்பற்றியுள்ளது. எஃப்.சி. சியோல் அணிக்கு அந்தப் பட்டம் இன்னும் ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

போஹாங் ஸ்டீலர்ஸ் என்ற இந்தக் கிளப்பின் கதை, உருக்கு உற்பத்தி நிறுவனமான போஸ்கோவின் கதையோடு பின்னிப் பிணைந்தது. போஸ்கோ இந்திய வாசகர்களுக்கு அறிமுகமான பெயர்தான். ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு 1.2 கோடி டன் திறன் கொண்ட ஆலையை அமைக்க 2005-ல் ஒப்பந்தம் செய்துகொண்ட அந்நிறுவனம், நிலம் கையகப்படுத்துதலுக்கு எழுந்த கடும் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் முடங்கி, 2017-ல் திட்டத்திலிருந்து விலகியது. அந்த நிறுவனம் தன் சொந்த மண்ணில் ஓர் ஊரையே உருவாக்கியது; அந்த ஊருக்கு ஒரு கால்பந்து அணியையும் கொடுத்தது.

இரும்புக்கு முன்பே பிறந்த அணி

போஸ்கோ 1968 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. முன்னாள் ராணுவ அதிகாரியான பார்க் டே-ஜூன் அதன் நிறுவனர். ஜப்பானுடன் 1965-ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கிடைத்த நிதியின் ஒரு பகுதி, அதுவரை மீன்பிடித் தொழிலையே பெரிதும் நம்பியிருந்த போஹாங்கில் ஆலை எழுப்பப் பயன்பட்டது. முதல் ஊதுலையிலிருந்து இரும்புக் குழம்பு வெளிவந்த நாள் 1973 ஜூன் 9. நிறுவனத்தின் கால்பந்து அணியோ அதே ஆண்டு ஏப்ரலிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னரே அணி பிறந்துவிட்டது என்பதிலிருந்தே, கால்பந்தின் மீது பார்க் டே-ஜூன் கொண்டிருந்த பற்றை ஓரளவு ஊகிக்கலாம்.

தென் கொரியாவில் 1983-ல் 'சூப்பர் லீக்' தொடங்கியபோது களமிறங்கிய ஐந்து அணிகளுள் போஸ்கோவும் ஒன்று. ஹல்லேலூயா, யூகோங், டேவூ, குக்மின் வங்கி ஆகியவை மற்ற நான்கு. இன்றைய கே லீக்கின் தாய் அமைப்பு அதுவே. அணிக்கு முதலில் 'டால்ஃபின்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1985-ல் 'ஆட்டம்ஸ்' ஆயிற்று. 1995-ல் நிறுவனத்தின் பெயர் நீங்கி ஊரின் பெயர் முன்னால் வந்தது. 1997 முதல் 'போஹாங் ஸ்டீலர்ஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஐந்து அணிகளின் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கது. ஹல்லேலூயாவும் குக்மின் வங்கியும் முதல்நிலை லீக்கிலிருந்து வெகு விரைவில் மறைந்தன. யூகோங் பல ஊர்கள் மாறி இன்று ஜெஜு தீவில் இருக்கிறது. டேவூவின் வாரிசான பூசான் அணி இரண்டாம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டது. முதல்நிலை லீக்கிலிருந்து ஒருமுறைகூட இறங்காமல் நீடித்த அணி போஹாங் மட்டுமே.

ஓடுபாதை இல்லாத மைதானம்

1986, 1988, 1992 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் போஹாங்குக்கு வந்தது. பின்னிரண்டு வெற்றிகளின்போதும் பயிற்சியாளராக இருந்தவர், 1970-களில் கொரியாவின் புகழ்பெற்ற முன்கள வீரராக விளங்கிய லீ ஹோ-டேக்.

இந்தக் காலகட்டத்தின் மிகப் பெரிய சாதனையாக ஒரு கோப்பையைச் சுட்டுவதைவிட ஒரு கட்டடத்தைச் சுட்டுவதே பொருத்தமாகும். போஸ்கோ வளாகத்தை ஒட்டி 1990-ல் கட்டி முடிக்கப்பட்ட 'ஸ்டீல்யார்ட்', கால்பந்துக்கு மட்டுமென அமைக்கப்பட்ட கொரியாவின் முதல் மைதானம். அன்றைய கொரிய அரங்குகளில் ஆடுகளத்தைச் சுற்றி தடகள ஓடுபாதை இருக்கும். பார்வையாளர் வெகு தொலைவிலிருந்து ஆட்டத்தைக் காண வேண்டியிருக்கும். ஸ்டீல்யார்டில் ரசிகர்கள் கோட்டுக்கு மிக அருகில் அமர்கின்றனர். வீரர்கள் ஒருவரை ஒருவர் அழைப்பதும் காலில் பந்து மோதும் ஒலியும் காதில் விழும். சுமார் 17,000 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய அரங்கு அது. போஹாங்கில் முகாமிட்டுள்ள கொரிய மரைன் படையின் வீரர்கள் சீருடையில் கூட்டமாக வந்து ஒரு பகுதியை நிரப்புவது பல ஆண்டுகளாகத் தொடரும் காட்சி.

இந்த மைதானத்தில்தான் 1992-ல் ஹோங் மியோங்-போ அறிமுகமானார். முதல் பருவத்திலேயே லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான அவர், 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை சென்ற கொரிய அணியின் தலைவர். அதே உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராக கொரியாவின் முதல் கோலை அடித்த ஹ்வாங் சொன்-ஹோங்கும் போஹாங்கில் ஆடியவரே. 1998-ல் போஹாங்கிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் லீ டோங்-கூக் அணியில் சேர்ந்தார்.

பார்க் சொங்-ஹ்வாவின் பயிற்சியில் ஆசிய கிளப் சாம்பியன் பட்டம் இருமுறை அடுத்தடுத்து வந்தது. 1997-ல் கோலாலம்பூரில் நடந்த இறுதிப் போட்டியில் மற்றொரு கொரிய அணியான சொனான் இல்ஹ்வாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது. 1998-ல் ஹாங்காங்கில் சீனாவின் டாலியன் வாண்டாவை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தியது.

தோல்வியும் ஃபாரியாஸும்

அதன்பின் நெடிய வறட்சி. 2004-ல் சுவொன் அணியுடனான லீக் இறுதிச் சுற்றின் இரு ஆட்டங்களும் கோலின்றி முடிந்து, ஷூட்-அவுட்டில் போஹாங்கின் கோல்கீப்பர் கிம் பியோங்-ஜி தானே முன்வந்து உதைத்தார். எதிரணி கோல்கீப்பர் லீ வூன்-ஜே அதைத் தடுத்துவிட்டார். கோப்பை சுவொனுக்குப் போயிற்று.

மறு ஆண்டு பொறுப்பேற்ற பிரேசிலியர் செர்ஜியோ ஃபாரியாஸ், கொரிய ரசிகர்களுக்குப் பெயர் தெரியாதவராகவே வந்தார். 2007-ல் அவரது அணி லீக் சுற்றில் ஐந்தாம் இடமே பெற்றது. அன்றைய விதிப்படி அந்த இடமும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போதுமானது. கியோங்நாம், உல்சான், சுவொன் என மேலே இருந்த அணிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றி, முதலிடத்திலிருந்த சொங்நாமையும் இரு ஆட்டங்களிலும் தோற்கடித்துப் பட்டம் வென்றது.

2009 நவம்பர் 7 அன்று டோக்கியோவில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாதை 2-1 என போஹாங் வென்றது. நோ பியோங்-ஜுன், கிம் ஹியோங்-இல் ஆகியோர் கோல் அடித்தனர். அடுத்த மாதம் அபுதாபியில் கிளப் உலகக் கோப்பை. அர்ஜென்டினாவின் எஸ்டூடியான்டஸுக்கு எதிரான அரையிறுதியில் மூவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர். அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். ஆகவே முன்கள வீரர் டெனில்சன் கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்தின் முன் நின்றார். 2-1 எனத் தோற்ற போஹாங், மெக்சிகோவின் அட்லாண்டேயை ஷூட்-அவுட்டில் வென்று மூன்றாம் இடம் பிடித்தது. தொடர் முடிந்ததும் ஃபாரியாஸ் சவூதி கிளப் ஒன்றுக்குச் சென்றுவிட்டார். நல்லவர்கள் நீண்ட நாள் தங்குவதில்லை என்ற குறை போஹாங்கில் பழையது.

வெளிநாட்டவர் இன்றி வென்ற ஆண்டு

உருக்குத் தொழிலில் தேக்கம் ஏற்பட்டபோது நிறுவனத்தின் கையும் சுருங்கியது. 2013 பருவத்தில் போஹாங் ஒரே ஒரு வெளிநாட்டு வீரர்கூட இன்றிக் களமிறங்கியது. அப்போதைய பயிற்சியாளர், முன்னாள் நட்சத்திரம் ஹ்வாங் சொன்-ஹோங். 19-ஆம் நூற்றாண்டில் அந்நியருக்கு நாட்டின் கதவுகளை அடைத்த ஹுங்சொன் டேவொன்குன் என்ற ஆட்சியாளரின் பெயரோடு இவர் பெயரை ஒட்டி, 'ஹ்வாங் சொன்-டேவொன்குன்' என்று ரசிகர்கள் அழைத்தனர். மொழிபெயர்க்கும்போது சுவை பாதி போய்விடும் சிலேடை இது. பாராட்டும் பரிகாசமும் சம அளவில் கலந்தது.

பணத்துக்கு மாற்றாக அவர்களிடம் இருந்தது பள்ளிக்கூடங்கள். போஸ்கோவின் கல்வி அறக்கட்டளை நடத்தும் பள்ளிகளின் கால்பந்து அணிகளை 2003 முதல் கிளப்போடு இணைத்து, தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை வீரர்களை வளர்க்கும் முறையைப் போஹாங் ஏற்படுத்தியிருந்தது. கொரிய கிளப்களில் இதற்கு அதுவே முன்னோடி. லீ மியோங்-ஜூ, கிம் சுங்-டே போன்றோர் அந்தப் பள்ளிகளின் வார்ப்புகள். குட்டையான, வேகமான பாஸ்களால் ஆட்டத்தை நகர்த்தும் ஒரே பாணியில் சிறுவயது முதல் பழகியவர்கள் என்பதால், புதியவர் ஒருவர் அணியில் இடம்பெற்றாலும் ஆட்டம் தடுமாறவில்லை.

அக்டோபரில் ஜொன்புக்கை அதன் சொந்த மைதானத்தில் ஷூட்-அவுட்டில் வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது போஹாங். டிசம்பர் 1 அன்று லீக்கின் கடைசி நாளில் உல்சானில் உல்சானுடன் மோதியது. இரு புள்ளிகள் முன்னிலையில் இருந்த உல்சானுக்கு டிராவே போதும். 90 நிமிடங்களும் கோலின்றிக் கழிந்தன. 95-வது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கைத் தொடர்ந்து கோல் முகத்தில் எழுந்த நெரிசலில், மரைன் படையில் கட்டாய ராணுவப் பணியை முடித்துவந்த தடுப்பாட்டக்காரர் கிம் வொன்-இல் பந்தை வலைக்குள் தள்ளினார். லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் கொரிய கிளப் என்ற பெருமை போஹாங்குக்குக் கிடைத்தது.

உல்சான் போஹாங்குக்குத் தெற்கே, சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் ஊர். ஹூண்டாயின் கப்பல் தளமும் கார் ஆலையும் அங்கு இருக்கின்றன. உருக்கு நகரத்துக்கும் கப்பல் நகரத்துக்கும் இடையிலான ஆட்டத்தை 'கிழக்குக் கடற்கரை டெர்பி' என்கின்றனர். சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 1 அன்று, அதே உல்சானில் அதே நிலை மீண்டது. பட்டத்துக்கு டிரா போதும் என்றிருந்த உல்சானை 4-1 என போஹாங் தோற்கடித்தது. புள்ளிகள் சமமாகி, ஒரே ஒரு கோல் அதிகம் அடித்திருந்த ஜொன்புக் சாம்பியன் ஆனது. போஹாங்குக்கு அந்த வெற்றியால் பட்டம் ஏதுமில்லை. உல்சானின் பட்டம் பறிபோனதைப் போஹாங் ரசிகர்கள் கோப்பை வென்றதற்கு இணையாகக் கொண்டாடினர்.

வளர்ப்பதும் இழப்பதும்

லீ மியோங்-ஜூ 2014-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் கிளப்புக்குச் சென்றார். போஸ்கோ பள்ளியில் வளர்ந்த ஹ்வாங் ஹீ-சான், போஹாங்கின் முதன்மை அணிக்காக ஒரு ஆட்டமும் ஆடாமலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அணியில் சேர்ந்து, பின்னர் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வரை உயர்ந்தார். கிளப் இதில் கடும் அதிருப்தி அடைந்தது. ஹோங் மியோங்-போவோ உல்சானின் பயிற்சியாளராகி, 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் அந்த அணிக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தார்.

2019-ல் பொறுப்பேற்ற கிம் கி-டோங், ஃபாரியாஸின் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். 2020-ல் மூன்றாம் இடம் பிடித்த அணியின் பயிற்சியாளராக இருந்தும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். 2021 ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் உல்சானை ஷூட்-அவுட்டில் வீழ்த்தி இறுதிக்கு வந்தார். போஹாங்கும் எதிரணியான அல் ஹிலாலும் அதுவரை தலா மூன்று ஆசியப் பட்டங்கள் பெற்றிருந்தன. ரியாத்தில் ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாத நிலையில் அல் ஹிலால் கோல் அடித்தது. 2-0 என வென்று நான்காவது பட்டத்தையும் எடுத்துச் சென்றது. 2023-ல் ஜொன்புக்கை 4-2 என வென்று எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றுத் தந்த கையோடு, கிம் கி-டோங் எஃப்.சி. சியோலுக்குப் போய்விட்டார்.

போஸ்கோவின் இன்னொரு ஆலை இருக்கும் குவாங்யாங் நகரிலும் அதே நிறுவனத்தின் அணி ஒன்று உண்டு. ஜொன்னாம் டிராகன்ஸ் என்ற அந்த அணி 2018 பருவத்தின் முடிவில் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. அங்கிருந்தபடியே 2021-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்று வியப்பூட்டியபோதிலும், மேலே ஏறிவர முடியவில்லை. ஒரே முதலாளி, ஒரே தொழில். ஆயினும் ஒன்று நிலைத்தது, மற்றொன்று சரிந்தது. நிறுவனத்தின் பணம் மட்டுமே ஒரு கிளப்பைத் தாங்கிவிடாது என்பதற்குப் போஸ்கோவின் வீட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

2022 செப்டம்பர் 6 அன்று ஹின்னம்னோர் சூறாவளியால் ஆலையை ஒட்டிய ஓடை கரைபுரண்டது. 49 ஆண்டுகளில் முதன்முறையாக போஹாங்கின் ஊதுலைகள் அனைத்தும் ஒருசேர நிறுத்தப்பட்டன. ஐந்து நாள் கழித்து போஹாங் அணி உல்சானுக்குச் சென்று 2-1 என வென்றது. ஆலை முழுமையாகச் சீரடைய மறு ஆண்டு ஜனவரி வரை ஆயிற்று. அந்த வெள்ளம் தற்காலிகமானது. மலிவான சீன உருக்கின் வரவும் தேவைக் குறைவும் அப்படிப்பட்டவை அல்ல. 2024 ஜூலையில் போஹாங்கின் முதலாவது உருக்கு உற்பத்திக் கூடமும், நவம்பர் 19 அன்று 45 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய முதலாவது உருக்குக் கம்பி ஆலையும் மூடப்பட்டன.

பதினொரு நாள் கழித்து, நவம்பர் 30 அன்று, சியோல் உலகக் கோப்பை மைதானத்தில் கொரியா கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. எஃப்.ஏ. கோப்பையின் புதிய பெயர் அது. எதிரே மீண்டும் உல்சான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் சாம்பியன். முதலில் கோல் வாங்கிப் பின்தங்கிய போஹாங், பார்க் டே-ஹாவின் பயிற்சியில், கூடுதல் நேரத்தில் 3-1 என வென்றது. அந்தக் கோப்பையை ஆறு முறை வென்ற முதல் கிளப் ஆனது. ஆனால், 2013 டிசம்பரின் அந்த 95-வது நிமிடத்துக்குப் பிறகு லீக் பட்டம் அந்த ஊருக்கு வரவில்லை.