கோதுமை மாவில் கலந்த நஞ்சு

வெளிமாநிலங்களில் வாழ்ந்து அரிசியோடு கோதுமையையும் பழகிக்கொண்ட நம் நேயர்களுக்கு, 1958ஆம் ஆண்டின் கோடையில் கேரளத்தில் நேர்ந்த துயரம் ஒன்றைக் கூற விழைகின்றேன். அவ்வாண்டு கோதுமை மாவினாலாகிய உணவை உண்டோர் பலர் வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மாவில் இருந்தது பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து. ‘பாலிடால்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. உணவுப் பொருளையும் அம்மருந்தையும் கப்பலில் சேர்த்து ஏற்றினர்; கலங்களிலிருந்து கசிந்த நஞ்சு மூட்டைகளில் ஊறிற்று. கொல்லும் நோக்கம் எவருக்கும் இல்லை, கவனமின்மையே போதுமானதாயிற்று.

இந்நஞ்சு 1944இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் கெர்ஹார்ட் ஷ்ரேடர் கண்டது. நரம்பின் ஏவலைத் தசைக்குக் கொண்டு செல்லும் அசெட்டில்கோலினை, வேலை முடிந்ததும் அழிப்பதற்கு உடலில் ஒரு நொதி உண்டு. பாரத்தியான் அந்நொதியை முடக்கிவிடுகிறது. ஏவல் ஓய்வதில்லை. வாந்திபேதியில் வாய் வறளும். இதிலோ எச்சில் ஒழுகும், வியர்வை பெருகும், கண்ணின் பாவை ஊசிமுனையளவாய்ச் சுருங்கும், தசைகள் துடிக்கும். மூச்சுக்குழல்களில் நீர் நிறைந்து, சுவாசத் தசைகளும் சோர்ந்து உயிர் பிரியும். கண்பாவையை நோக்கிய மருத்துவர் அட்ரோபினைத் தயங்காது செலுத்துவார். நெஞ்சில் கோத்த நீர் வற்றும்வரை திரும்பத் திரும்பச் செலுத்துவார். அங்கே தயக்கம் பொல்லாதது.

இறந்தபின் துப்பறிதல் எளிதன்று. பிணத்தின் கண்பாவை மாறிவிடக்கூடும். அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. இரைப்பையில் பூண்டையொத்த நாற்றம் ஒரு குறிப்பு. ஆயினும் சான்றாவது இரசாயனப் பரிசோதனையே. பாரத்தியானைக் காரத்தில் காய்ச்சினால் மஞ்சள் நிறம் தோன்றும். அது பாரா நைட்ரோபீனால். அதே பொருள் நஞ்சுண்டவரின் சிறுநீரிலும் வெளிப்படும். ஆதலின் இரைப்பையையும் கல்லீரலையும் உப்புக் கரைசலில் இட்டு அனுப்புவதோடு, உண்டு மிஞ்சிய உணவையும் முத்திரையிட்டு அனுப்புதல் வேண்டும். எஞ்சிய மாவைத் தெருவில் கொட்டிவிடுவோர் சான்றையும் சேர்த்தே கொட்டிவிடுகின்றனர். கேரள நிகழ்ச்சியைப் பற்றி அதே ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையில் எழுதி வைத்தவர், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் முதல்வரான டாக்டர் ஸி. ஓ. கருணாகரன்.

கேரளத்திலும் சென்னை இராஜ்யத்திலும் நிகழ்ந்தவற்றை ஆராய, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே. ஸி. ஷாவின் தலைமையில் மத்திய அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. எனினும் பூச்சிமருந்துச் சட்டம் நிறைவேறப் பத்தாண்டுகள் ஆயின, 1968இல்தான் வந்தது. அதன்கீழ் 1971இல் பிறந்த விதிகள், பூச்சிமருந்து உணவுப் பொருளைத் தொடும்படி ஏற்றவோ சேமிக்கவோ கூடாதென்றன. கலந்திருக்கலாமெனத் தோன்றும் உணவைச் சோதியாமல் மக்களுக்கு வழங்கலாகாதென்றும் கூறின. கேரளத்து மாவை நினைந்தே எழுதியது போலிருக்கிறது அவ்வாசகம். எத்தில் பாரத்தியான் பின்னர் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையலெண்ணெயில் இருந்தது, அதே இனத்தைச் சேர்ந்த மானோகுரோட்டோபாஸ்.