அப்ரைட் பியானோவின் தளர்ந்த கட்டைகளும் செப்பனிடும் முறையும்

பியானோவின் கட்டைகள் நாளடைவில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் போக்க, கட்டையின் நடுவிலும் முன்முனைக்கு அடியிலும் உள்ள பள்ளங்களில் தேய்ந்த கம்பளித் துணியை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுவதே செப்பனிடும் முறை. ஆடும் கட்டையைக் காதைவிட விரல் முந்திக் கண்டுபிடிக்கும். வைத்த விரலுக்கடியில் அது நெளியும். பலமாக வாசித்தால் சுரத்தோடு ‘டக்’கென்று ஒரு மரச் சத்தமும் சேரும். முற்றிய நிலையில் பக்கத்துக் கட்டையை உரசி, அமுக்கியது எழாமல் நின்றுவிடும். கட்டை இறுகிவிட்டது என்று ஆளைக் கூப்பிடும் வீடுகளில் சில சமயம் நடந்திருப்பது நேர்மாறானது: அது தளர்ந்து போயிருக்கும்.

முழு அளவுப் பியானோவில் 52 வெள்ளை, 36 கறுப்பு, ஆக 88 கட்டைகள். வெளியே தெரிவது கட்டையின் முன்பகுதி மட்டுமே. மீதி நீளம் பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. ஸ்புரூஸ், பைன், லிண்டன் போன்ற எடை குறைந்த மரத்தில் ஒரே பலகையாகச் சேர்த்து, பிறகு தனித்தனியாக அறுத்தெடுத்தவை இவை. ஒரு பியானோவின் கட்டை இன்னொன்றுக்கு அநேகமாகப் பொருந்தாதது அதனால்தான். ஒவ்வொரு கட்டையும் சீசா பலகைபோல் ஒரு நடுச்சட்டத்தின் மேல் ஏறி இறங்குகிறது. அதை நெறிப்படுத்துபவை இரண்டு உலோக ஆணிகள். நடு ஆணி கட்டையை ஊடுருவி மேலே வரும். கீழே அது நுழையும் துளை வெறும் மரம். ஆணியை ஒட்டிப் பிடிக்கும். மேலே ஒரு சிறு மரப் பொத்தானில் நீள்பள்ளம் இருக்கும், அதன் இரு கன்னங்களிலும் துணி. முன் ஆணி, கட்டையின் முன்முனைக்கு அடியில் வெட்டிய பள்ளத்துக்குள் நின்று கட்டை பக்கவாட்டில் விலகாமல் காக்கும். அங்கும் இரு கன்னங்களிலும் துணி. விரல் அமுக்கும்போது முன்முனை இறங்குவது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அந்த ஏற்ற இறக்கத்தில் ஆணி மரத்தோடு மோதாமல் தடுப்பது ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்றே கூடுதல் தடிமனுள்ள இந்தத் துணிதான். கட்டைக்கு இரண்டு இடம், இடத்துக்கு இரண்டு துண்டு. ஆக மொத்தம் 352 துண்டுகள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. பியானோவுக்கு முந்தைய கிளாவிகார்டில் முன் ஆணி கிடையாது. கட்டையின் பின்முனையில் மெல்லிய மரச் செதில் அல்லது திமிங்கில எலும்புச் செதில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்சட்டத்தில் வரிசையாக அறுத்த கீற்றுகளுக்குள் அது மேலும் கீழும் போய்வரும். துணி தேவைப்படவில்லை, தேய்மானமும் குறைவு. ஆனால் வழிகாட்டி பின்னால் இருந்தால் விரல் படும் முன்முனை கொஞ்சம் அலையத்தான் செய்யும். ஃபுளோரன்சில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700ஐ ஒட்டிப் பியானோவை உருவாக்கிய பிறகும் பழைய வழக்கம் உடனே ஒழியவில்லை. லண்டனில் யோகானஸ் சும்பே செய்த சதுரப் பியானோக்களிலும் பின்னால்தான் செதில். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் பழையவை 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சுத்தியல் கனத்து, வாசிப்பு வேகமெடுத்த 19ஆம் நூற்றாண்டில் முன் ஆணியும் துணி ஒட்டிய பள்ளமும் நிலைபெற்றன. துணிக்கு முன் இத்தகைய இடங்களில் தோல் பயன்பட்டது. ஜெர்மனியில் பிறந்து பாரிசில் தொழில் நடத்திய ஹென்றி பாப்பே 1826இல் சுத்தியலுக்குக் கம்பளி ஃபெல்ட் போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பியானோவுக்குள் கம்பளியின் ஆட்சி விரிந்தது. அந்துப்பூச்சிக்கும் அது நல்ல காலம்தான்.

அப்ரைட் பியானோவின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. தந்திகளைச் செங்குத்தாக நிறுத்தும் யோசனையை 1800ஐ ஒட்டி ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் வியன்னாவில் மத்தியாஸ் மியுல்லரும் தனித்தனியே செயல்படுத்தினர். 1811 முதல் லண்டனில் ராபர்ட் வோர்னம் சிறு அப்ரைட்டுகளைச் செய்து இதை வீட்டுப் பொருளாக்கினார். 1880களில் 88 கட்டை அளவு பரவுவதற்கு முன் 85 கட்டைகளே வழக்கம்; பழைய வாத்தியத்தைப் பிரிக்கும்போது எண்ணிப் பார்ப்பது நல்லது. 1909இல் அமெரிக்காவில் மட்டும் 3,60,000க்கும் மேற்பட்ட பியானோக்கள் தயாராயின. தளர்ந்த கட்டை என்ற பிரச்சினை இவ்வளவு பரவலாக இருக்கக் காரணம், நூறு வயதைத் தாண்டிய அந்தத் தலைமுறை வாத்தியங்கள் இன்னும் வரவேற்பறைகளிலும் தேவாலயங்களிலும் நின்றுகொண்டிருப்பதே.

சென்னையில் 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கல் என வழங்கும் கடை, இந்த வாத்தியங்கள் நம் பக்கம் எவ்வளவு முன்பே வந்துவிட்டன என்பதற்குச் சான்று. கடலோர ஈரத்தில் அவற்றின் நோய் வேறு மாதிரி. அடைமழைக் காலத்தில் மரமும் துணியும் ஊதிக் கட்டை இறுகும். உடனே யாராவது குறடால் துணியை நசுக்கித் தளர்த்திவிடுவார்கள். பிறகு குளிர்சாதனம் ஓடும் அறையில் மரம் உலர்ந்து சுருங்கியதும், நசுங்கின துணி மீளாமல் கட்டை ஆடும். குளிர்நாடுகளில் இதே வேலையைக் கோடைக்குப் பின் வரும் அறைச் சூடேற்றி செய்கிறது. ஆகத் தளர்ச்சிக்குப் பாதிக் காரணம் காலம் என்றால் மீதிப் பாதி முந்தைய பழுது பார்ப்பவர்தான்.

இதில் மிகக் கெட்ட குறுக்குவழி, ஆணியைத் திருப்புவது. முன் ஆணியின் தலை நீள்வட்ட வடிவமானது. அகன்ற பக்கங்கள் துணியில் படுமாறு நிற்க வேண்டும். அதைக் கொஞ்சம் திருகிக் கோணலாக நிறுத்தினால் இடைவெளி அடைபட்டுக் கட்டை அப்போதைக்கு ஆடாது. ஆனால் அதற்குப் பின் துணியில் உராய்வது அகன்ற பக்கமல்ல, கூரிய விளிம்பு. சில மாதங்களில் துணி அறுந்து, ஆட்டம் முன்னிலும் மோசமாகும். துருவேறிய ஆணியும் அரம்போல் துணியை அராவும். நடுச் சுரங்களின் கட்டைகள் ஓரத்துக் கட்டைகளைவிட முன்னதாகத் தேய்வது இயல்பு; ஓரத்துக் கட்டைகளும் சேர்ந்து ஆடினால் கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியையும் சந்தேகிக்க வேண்டும்.

வேலை தொடங்குவது பெட்டியைத் திறப்பதில். மேல் மூடி, முன் பலகை, கட்டை மூடி ஆகியவற்றைக் கழற்றி, சுத்தியல்கள் பூட்டிய இயந்திரத் தொகுதியைத் திருகுகளைத் தளர்த்தி வெளியே தூக்கினால் கட்டைகள் முழு நீளத்துக்கும் தெரியும். ஒவ்வொன்றிலும் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பென்சிலால் எழுதிவிட்டே எடுக்க வேண்டும். அடியில் பழைய நாணயம், ஊசி, பென்சில் முனை, பூச்சிக் கூடு எல்லாம் கிடைக்கும். ஆணிகளைத் துருப்போக்கி மெருகேற்றலாம். குழி விழுந்தவற்றை மாற்றுவதே சரி. திருப்பி வைத்திருந்த ஆணிகள் இப்போது நேராக வேண்டும்.

பழைய துணியைக் கத்தியால் சுரண்டக் கூடாது, பள்ளம் அகன்றுவிடும். வெதுவெதுப்பான நீரையோ ஆவியையோ காட்டினால் பழைய வச்சிரப் பசை இளகித் துணி தானாகக் கழன்று வரும். வெள்ளைக் கட்டையின் மேல் தந்தத் தகடு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தந்தத்தை ஒட்டியதும் அதே வகைப் பசைதான். ஆவி கூடினால் தகடும் கழன்று வந்துவிடும். மரம் முற்றும் உலர்ந்த பிறகே அடுத்த வேலை.

புதுத் துணியை நீள நாடாவாக வெட்டி, நுனியைப் பள்ளத்தின் ஒரு கன்னத்தில் வைத்து, மறு கன்னத்திலும் அப்படியே வைத்து, நடுவே ஆணியின் அளவை ஒட்டிய உலோக அல்லது மர ஆப்பைச் செருகி அழுத்தி உலர விடுவார்கள். பிறகு மிச்சத்தைக் கூரிய பிளேடால் மரத்தோடு மட்டமாக அறுத்தால் ஒரு பள்ளம் முடிந்தது. ஆப்பு ஆணியைவிட நூலிழை தடிமனாக இருப்பது நல்லது. பசையில் வச்சிரமே சிறந்தது. வெள்ளைப் பசை விரைவாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனாலும் அடுத்த தலைமுறைக்கு நீர் காட்டிக் கழற்ற முடியாத பசையைப் பூசுவது பியானோவுக்குச் செய்யும் உபகாரமல்ல.

ஆட்டம் முன்பின்னாக இருந்தால் குற்றவாளி துணியல்ல, நடு ஆணி நுழையும் அடித்துளை. அது நீண்டு போயிருக்கும். சிறிதளவு தேய்மானத்துக்குத் துளைக்குள் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு மர இழைகளை ஊதச் செய்வது பழைய கைவைத்தியம். நீர்த்த பசை தடவுவது இன்னும் நிலைக்கும். மிக அகன்ற துளைக்குக் கடினமரச் செதில் ஒட்டி மறுபடி துளையிட வேண்டும். உடைந்த பொத்தானை மாற்றியே ஆக வேண்டும்.

திரும்ப ஏற்றியபின் சோதனை எளிது: கட்டையின் முன்முனையைச் சற்றே தூக்கி விட்டால் தன் எடையில் தானே விழ வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் மிக மெல்லிய அசைவு மட்டுமே தெரிய வேண்டும். அசைவே இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் சிக்கும். குறடு கொண்டு துணியை லேசாக அமுக்குவதற்கு உரிய நேரம் இதுதான். எண்ணெய் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அது கம்பளியில் ஊறி, மரத்துக்கும் பரவி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அளவு வாரியாக ஆயத்த ஆப்புகளும் துணி நாடாக்களும் இன்று விற்பனைக்குக் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் கட்டை கொண்ட மின்னணுப் பியானோக்களுக்கு இம்முறை பொருந்தாது.