சிரிப்பு வாயு கார் டிக்கிக்கு வந்த கதை

'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' (2001) பாத்தவங்களுக்கு 'நாஸ்' பத்தி புதுசா சொல்ல வேணாம். பட்டனை அமுக்குவாங்க, ரோட்டு விளக்கெல்லாம் கோடு கோடா இழுபடும், கார் பறக்கும். ஆனா நாஸ்ங்கறது வாயுவோட பேர் இல்லீங்க, கம்பெனியோட பேர். நைட்ரஸ் ஆக்சைட் சிஸ்டம்ஸ்னு 1978ல மைக் தெர்மோஸ், டேல் வாஸ்னையன்னு ரெண்டு பேர் கலிபோர்னியாவுல ஆரம்பிச்சது. ஜெராக்ஸ் மாதிரி கம்பெனி பேரே பொருளுக்கு நின்னுபோச்சு.

வாயு அதுக்கு 200 வருஷம் மூத்தது. 1772ல ஜோசப் ப்ரீஸ்ட்லி தயாரிச்சார். 1799ல பிரிஸ்டல்ல ஹம்ஃப்ரி டேவி தானே மூச்சா இழுத்துப் பாத்து, சிரிச்சு, மறு வருஷம் அதைப் புத்தகமாவே எழுதிட்டார். 1844ல ஹோரஸ் வெல்ஸ்ங்கற அமெரிக்கப் பல் டாக்டர் இதை முகர்ந்துகிட்டே தன் பல்லைப் பிடுங்க வெச்சுகிட்டார். அதெல்லாம் மருத்துவக் கதை, இன்னொரு நாள் பாப்போம்.

நமக்கு வேண்டியது கெமிஸ்ட்ரி. நைட்ரஸ் ஆக்சைட் எரியாது. பெட்ரோல் எரியறதுக்கு ஆக்சிஜன் கொடுக்கும், அவ்வளவுதான். காத்துல எடைக்கணக்குல 23 சதவீதம் ஆக்சிஜன், இதுல 36 சதவீதம். எஞ்சினுக்குள்ள ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ்ல மூலக்கூறு உடைஞ்சு ஆக்சிஜன் வெளிய வரும். கூடவே, திரவமா இருந்தது ஆவியாகும்போது மைனஸ் 88 டிகிரிக்குப் போறதால, உள்ள வர்ற காத்தும் குளிர்ந்து அடர்த்தியாகும். ஆக்சிஜன் கூடினா பெட்ரோலும் கூட ஊத்தலாம். பவர் வர்றது அந்தப் பெட்ரோல்லேர்ந்துதான்.

இதை எஞ்சின்ல பெரிய அளவுல பயன்படுத்தினது ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க. பேரு ஜிஎம்-1. பிரச்சினை என்னன்னா, மேல போகப்போக காத்து மெலிசாகும். சூப்பர்சார்ஜர் ஒரு உயரம் வரைக்கும் சமாளிக்கும், அதுக்கு மேல அதால காத்தை அமுக்கித் தர முடியாது, எஞ்சின் மூச்சு வாங்கும். அங்கதான் நைட்ரஸ். மெஸ்ஸர்ஷ்மிட் 109, யுங்கர்ஸ் 88, கடைசில வந்த டாங்க் 152ன்னு சில ரகங்கள்ல இதை வெச்சாங்க. பிரிட்டிஷ்காரங்களும் மஸ்கிடோ இரவுப் போர்விமானங்கள் சிலதுல போட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஜிஎம்-1 உயரத்துக்கு மட்டும்தான். கீழ பறக்கும்போது எஞ்சின் ஏற்கெனவே தாங்கற எல்லைல இருக்கும், அங்க நைட்ரஸ் கொடுத்தா நாக்கிங் வந்து எஞ்சின் போயிடும். கீழ கூடுதல் பவர் வேணும்னா எம்டபிள்யூ-50ன்னு தண்ணியும் மெத்தனாலும் கலந்து அடிச்சாங்க, அது நாக்கிங்கை அடக்கற சரக்கு. அதாவது விமானத்துல நைட்ரஸோட வேலை, எஞ்சின் உயரத்துல இழந்ததைத் திருப்பிக் கொடுக்கறது. இருக்கறதுக்கு மேல கேக்கறது இல்லை.

காருல நடக்கறது நேர் எதிர். தரைமட்டத்துல, முழு காத்து கிடைக்கற இடத்துல, எஞ்சினை டிசைன் பண்ணவன் கணக்குல இல்லாத ஆக்சிஜனை உள்ள தள்றோம். ப்ராசஸரை ஓவர்க்ளாக் பண்ற மாதிரின்னு சொல்லலாம், ஆனா இங்க ரீபூட் பட்டன் கிடையாது :-)

பந்தயத்துக்கு இது திருட்டுத்தனமாத்தான் வந்தது. 1976 டேடோனா 500 தகுதிச் சுற்றுல ஏ.ஜே. ஃபாய்ட், டாரெல் வால்ட்ரிப் ரெண்டு பேரோட நேரத்தையும் நைட்ரஸ் விவகாரத்துல ரத்து பண்ணாங்க. முதல் இடத்துலேர்ந்து கிளம்பற வாய்ப்பு ராமோ ஸ்டாட்டுக்குப் போச்சு. ரெண்டே வருஷத்துல அந்த நாஸ் கம்பெனி. பந்தயத்துல ஒளிச்சு வெச்ச சாமான், யார் வேணா வாங்கி மாட்டற கிட்டா கடைக்கு வந்துது.

கிட் மாட்டறது சுலபம். டிக்கில ஒரு பாட்டில், ஒரு குழாய், சொலினாய்டு, ஜெட், ஸ்விட்ச். டர்போ போடற செலவுல ஒரு பங்குதான். 10 பவுண்ட் பாட்டில், 100 குதிரைத்திறன் ஷாட்டுக்கு மொத்தமா ஒன்றரை நிமிஷம் வந்தா பெரிசு. படத்துல எல்லாம் முடிவே இல்லாம அடிப்பாங்க!

எஞ்சின் போறது எப்படின்னா, முதல் காரணம் பெட்ரோல் பத்தாம போறது. நைட்ரஸ் வந்துருச்சு, ஃப்யூவல் பம்ப் அந்த வேகத்துக்கு ஊத்தலைன்னா, கலவை மெலிஞ்சு சூடு ஏறி பிஸ்டன் உருகும். சில விநாடி போதும். வெட் கிட்ல பெட்ரோலும் சேர்ந்தே வரும், ஆனா 3000 சுழற்சிக்குக் கீழ அமுக்கினா மேனிஃபோல்டுல பெட்ரோல் தேங்கி, பின்னால வெடிக்கும். அதனாலதான் ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சாதான் திறக்கற ஸ்விட்ச்சும், சுழற்சியைப் பாத்துத் திறக்கற விண்டோ ஸ்விட்ச்சும் வந்தது. இக்னிஷன் டைமிங்கையும் 50 குதிரைத்திறனுக்கு ரெண்டு டிகிரி பின்னால தள்ளணும்னு ஒரு பொதுக்கணக்கு. தெருக்காருல சிக்கனம் பண்றவங்க முதல்ல விடறது இதையெல்லாம்தான்.

பாட்டில் தனிக்கதை. 36.4 டிகிரிக்கு மேல நைட்ரஸ் திரவமா இருக்கவே இருக்காது. அரிசோனா வெயில்ல நிறுத்தின காரோட டிக்கி அதை லேசா தாண்டும், பாட்டில் அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல எகிறும். அழுத்தம் கம்மின்னா பவர் வராதேன்னு பாட்டிலை ப்ளோடார்ச்ல சூடு பண்ற புண்ணியவான்களும் உண்டு. இந்த வாயு சூடானா பெட்ரோல் இல்லாமலே தானா உடைஞ்சு வெப்பத்தைக் கக்கும். 2007 ஜூலைல மொஹாவே பாலைவனத்துல ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் ராக்கெட்டுக்கான நைட்ரஸ் ஓட்டச் சோதனை பண்ணப்போ தொட்டி வெடிச்சு 3 பேர் செத்தாங்க. இத்தனைக்கும் அன்னிக்கு எஞ்சினைப் பத்தவைக்கவே இல்லை.

அமெரிக்க ட்ராக் ரேஸ் மைதானங்கள்ல என்ஹெச்ஆர்ஏ விதிப்படி பாட்டில்ல 1800 பவுண்ட் முத்திரை இருக்கணும், ஆடாம பொருத்தியிருக்கணும். ஓட்டுறவர் உக்காரற பகுதிலயே பாட்டில் இருந்தா, வாயு வெளிய போக குழாயும் வேணும். உள்ள விடறதுக்கு முன்னாடி அங்க ஆள் நின்னு பாப்பாங்க. ராத்திரி சிக்னல்ல பக்கத்துல வந்து நிக்கற காரோட டிக்கியை யாரும் திறந்து பாக்கறதில்லை.