எத்தனை புள்ளி பொருந்தினால் அதே விரல்?

விரல் ரேகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில கோடுகள் சட்டென்று முடிந்துபோயிருக்கும். சில இரண்டாகக் கிளைத்திருக்கும். சம்பவ இடத்தில் கிடைத்த சுவட்டிலும் சந்தேக நபரின் ரேகையிலும் இப்படி எத்தனை புள்ளிகள் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே விரல்? நூறாண்டுக்கு மேலாகத் தடயவியல் உலகம் இந்தக் கேள்வியில் கட்சி பிரிந்து நிற்கிறது.

ரேகைகளை அடுக்கி வைக்கும் சிக்கலைக் கல்கத்தாவில் காவல்துறையைச் சேர்ந்த அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவிட்டார்கள். பதிவுகளை 1024 அறைகளில் பிரித்துவைக்கும் அந்த முறைக்கு, நியாயமே இல்லாமல், மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் நிலைத்தது. தகராறெல்லாம் ஒப்பிடுவதில்தான்.

பிரான்ஸின் லியோன் நகரில் 1910இல் காவல்துறை ஆய்வகம் தொடங்கியவர் எட்மண்ட் லொக்கார். 1914இல் அவர் சொன்னது இது: 12 புள்ளிக்கு மேல் பொருந்தி, சுவடும் தெளிவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். 8 முதல் 12 வரை என்றால், சுவட்டின் தெளிவையும் அமைப்பின் அபூர்வத்தையும் எடைபோட்டு, குறைந்தது இரண்டு நிபுணர்கள் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் உறுதி சொல்லக் கூடாது. இதில் நிதானமான பகுதி நடுவில் இருப்பது. ஆனால் பிரான்ஸ் உட்படப் பல நாடுகளில் நிலைத்தது 12 என்ற எண்தான்.

பிரிட்டன் இன்னும் கண்டிப்பு. ஸ்காட்லாந்து யார்டு 1924இல் 16 என்று வகுத்தது. அதற்கு ஆதாரம், பாரிஸ் காவல்துறையின் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் 1912இல் வெளியிட்ட படங்கள். வெவ்வேறு ஆட்களின் ரேகைகளும் அத்தனை இடங்களில் ஒத்துப்போவதுபோல் அவை காட்டின. அவை திருத்தப்பட்ட படங்கள் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது. 2001இல் இங்கிலாந்து அந்த எண்ணைக் கைவிட்டது.

அமெரிக்காவில் வளர்ந்தது வேறு கட்சி. பன்னாட்டு அடையாளவியல் சங்கம் 1973இல், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது, பயிற்சி பெற்ற நிபுணர் முழுச் சுவட்டையும் பார்த்து முடிவு சொல்லட்டும் என்றது. 1995இல் இஸ்ரேலில் கூடிய நிபுணர்களும் அதையே வழிமொழிந்தார்கள்.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது நிபுணர்மீதான அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வெடிதூண்டிகள் இருந்த பையில் கிடைத்த ஒரு சுவடு, ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. சாதித்தது. 15 புள்ளிகளையும் எண்ணிக் காட்டியது. ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே மறுத்தும் அது மசியவில்லை. அந்தச் சுவடு ஓர் அல்ஜீரியருடையது என்று மே மாதம் ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகுதான், சிறையிலிருந்த வழக்கறிஞர் வெளியே வந்தார். வழக்கறிஞரின் ரேகையைப் பார்த்த பிறகு, மங்கலான சுவட்டில் இல்லாத புள்ளிகளும் நிபுணர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தன என்றது பின்னர் வந்த விசாரணை அறிக்கை. இப்போது எஃப்.பி.ஐ. நிபுணர்கள் சந்தேக நபரின் ரேகையைத் திறக்குமுன், சுவட்டில் என்ன தெரிகிறது என்று முதலில் குறித்துவைக்க வேண்டும்.