கச்சேரி மேடையில் கீபோர்டு ‘கிள்ளுவது’ ஏன்? குட்டியானையில் ஏற்றுவது முதல் பிளக் சொருகுவது வரை

இரவு 8 மணிக்குக் கோயில் திருவிழா கச்சேரி. மெல்லிசைக் குழுவின் சாமான்களோடு குட்டியானை வந்து நிற்பதே 6 மணிக்குத்தான். இறக்கி, ஸ்டாண்டு போட்டு, கேபிள் இழுத்து முடிப்பதற்குள் விழாக் கமிட்டி ஆட்கள் “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த அவசரத்தில் கீபோர்டில் கை வைத்ததும் விரலில் ‘சுர்’ என்கிறது. “லேசா கிள்ளுதுண்ணே” என்றால், “செருப்பு போட்டுக்கிட்டு வாசிங்க, சரியாயிடும்” என்று பதில் வரும். பல மேடைகளில் இதுதான் வழக்கம். ஆனால் அது ஓர் எச்சரிக்கை மணி.

ஏன் கிள்ளுகிறது?

கீபோர்டு, ரிதம் பேட், லேப்டாப் எல்லாவற்றுக்கும் இப்போது வருவது எடை குறைந்த எலக்ட்ரானிக் அடாப்டர்கள். இவற்றின் உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த அளவு கரன்ட் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் கருவியின் உலோகப் பகுதியிலேயே 100 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். கரன்ட் அளவு குறைவு என்பதால் வெறும் கிள்ளலோடு முடிகிறது.

பல கீபோர்டு அடாப்டர்களில் இரண்டு முள்தான் இருக்கும். அவற்றுக்கு ஆடியோ கேபிள் வழியாக, மிக்ஸரில் இருந்துதான் எர்த் கிடைக்கிறது. அதனால் கேபிள் மாட்டிய பிறகும் கிள்ளினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மேடையின் எர்த்தை.

எர்த் இல்லாத மேடையில் ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபயரிலோ லைட்டிலோ வயர் உரசி பாடியில் பட்டால், 230 வோல்ட்டும் கேபிள் வழியாக மைக் வரை வரலாம். ஒரு கை கிட்டார் கம்பியில், இன்னொரு கை மைக்கில் என்றால் கரன்ட் நெஞ்சு வழியாகப் பாயும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே உயிரிழந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான்.

எர்த் முள்ளை உடைக்கலாமா?

கூடவே கூடாது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

இதற்குச் சரியான வழி டிஐ பாக்ஸ். கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி அது. சாதாரண கீபோர்டு கேபிள் ஆறேழு மீட்டரைத் தாண்டினாலே சுற்றியுள்ள இரைச்சலை இழுக்க ஆரம்பிக்கும். டிஐ பாக்ஸ் அந்த சிக்னலை மைக் கேபிளில் போகும் மூன்று முள் சிக்னலாக மாற்றுவதால், தூரத்தில் இருக்கும் மிக்ஸர் வரை சுத்தமாகப் போகும். அதில் இருக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைப் போட்டால், மின் இணைப்பின் எர்த்தைத் தொடாமலே இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜெனரேட்டரில் என்ன ஆபத்து?

கருவிகள் மொத்தமாகப் புகைவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று பேஸ் ஜெனரேட்டரில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் இருக்கும். நியூட்ரல் வயர் லூசானால், குறைந்த லோடு உள்ள பேஸில் வோல்டேஜ் எகிறி 400-ஐ நெருங்கலாம். அந்தப் பேஸில் கீபோர்டும் பேடும் மட்டும் இருந்தால் முதலில் போவது அவைதான்.

எனவே எதையும் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளப்பது அவசியம். பேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேஸ்–எர்த் அளவும் ஏறக்குறைய அதே இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுகளைத் தாண்டக் கூடாது. டெஸ்டரில் லைட் எரிந்தால் மட்டும் போதாது. எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சில நூறு ரூபாய் மீட்டர், லட்ச ரூபாய் கீபோர்டைக் காப்பாற்றும்.

சவுண்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் தனித்தனி பேஸ் கேட்டு வாங்குவது நல்லது. ஆடியோ லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் உயிருக்கு இன்னொரு பாதுகாப்பு. எல்லாவற்றையும் இணைத்த பிறகு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் ஆன் செய்ய வேண்டும். கச்சேரி முடிந்ததும் முதலில் அணைக்க வேண்டியதும் அதையே. மாற்றிச் செய்தால் வரும் ‘டொம்’ சத்தம் ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும்.

வண்டியில் எப்படி ஏற்றுவது?

கடைசியில் ஏற்றி முதலில் இறக்க வேண்டியது கீபோர்டு. அதன்மேல் ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கினால் கட்டைகள் போகும். அதிகம் உடைவது பிட்ச் வீல், வால்யூம் நாப், பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் அடாப்டர் முனை ஆகியவை. எல்லா முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். தினமும் ஓடும் குழுவுக்குத் துணிப் பை போதாது, ஃபோம் வைத்த ஹார்டு கேஸ்தான் சரி. ஏசி காரில் வந்த கருவியைப் புழுக்கமான மேடையில் உடனே ஆன் செய்தால் உள்ளே நீர் பூத்திருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடலாம்.

அடாப்டர்களில் பெயர் எழுதி ஒட்டுவது சின்ன வேலைதான். ஆனால் ஒரே அளவு முனையில், சில கருவிகளுக்கு நடுப்பகுதி பாசிட்டிவ், சிலவற்றுக்கு நெகட்டிவ். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும்.

போர்டை சர்வீஸ் செய்து மாற்றிவிடலாம். மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த டோன்களும் பேட் சாம்பிள்களும் போனால் கடையில் கிடைக்காது. இரண்டு யுஎஸ்பியில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது அனுபவசாலிகளின் வழக்கம்.

வெளிநாட்டுக் கச்சேரி என்றால்?

பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பும்போது “இது புதுசா வாங்கினதா?” என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். அடாப்டரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் அங்கே பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். அங்கிருந்து வாங்கிவந்த 120 வோல்ட் மட்டுமே தாங்கும் கருவியை இங்கே நேரடியாகச் சொருகினால், சவுண்ட் செக் வரைகூடத் தாங்காது.