தொட்டிலருகே தமிழ்

குழந்தை முதன்முதற் பயிலும் பள்ளி தாயின் மடியே. பொருள் விளங்குமுன்னரே அது ஓசையைப் பற்றிக்கொள்கிறது. ஏடு எடுக்குமுன்னரே தாளத்திற்குத் தலையசைக்கிறது. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, தாலாட்டுக் கேட்கும் தால், கைகொட்டி மகிழும் சப்பாணி, நிலவைக் கூவியழைக்கும் அம்புலி எனப் பிள்ளைத்தமிழின் முற்பருவங்கள் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் நிகழ்வனவே. ஆயினும், அவ்விலக்கியத்தின் பாட்டுடைத் தலைவர் பெரும்பாலும் தெய்வங்களும் மன்னர்களும் பெரியோர்களுமே ஆயினர்.

அரசகுலக் குழவிக்கெனப் பிறந்த பாட்டு எல்லார் வீட்டிற்கும் உரியதாதல் உண்டு. 1813ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் சுவாதித் திருநாள் தோன்றினார். அவரைத் துயிற்றும்பொருட்டு இரயிம்மன் தம்பி மலையாளத்தில் ஒரு தாலாட்டு இயற்றினார். குழவியை எதனோடு ஒப்பிடுவது எனத் திகைத்து, வினாக்களையே அடுக்கிச் செல்லும் பாடல் அது. அரண்மனைத் தொட்டிலோடு அது நின்றுவிடவில்லை. கேரள நாட்டின் எளிய இல்லங்களிலும் ஒலிக்கலாயிற்று, இன்றும் ஒலிக்கிறது.

அதே திருவிதாங்கூரில், தமிழ்க் குழந்தைகளுக்கெனப் பாடிய பெரியார் ஒருவரும் தோன்றினார். அவரே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876இல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையின், பள்ளியில் அவர் மலையாளம் பயில நேர்ந்தது. தமிழ் நூல்களைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். நாகர்கோவிலில் ஆசிரியராய் இருந்தபின், திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்து, 1931இல் ஓய்வு பெற்றார். அங்கு அவரிடம் பயின்றோர் நாளைய அன்னையர் என்பது கருதத்தக்கது.

தமக்கு மக்கட்பேறு இல்லாத இக்கவிஞர் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடினார். 1938இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ என்னும் தொகுதியில் ‘மழலை மொழி’ என ஒரு பகுதியே உண்டு. பசுவும் கன்றும், காக்கையும் கோழியும் அவர் பாட்டில் உலவுகின்றன. சொற்கள் எளியவை, அடிகள் பிஞ்சு வாய்க்கு ஏற்ற அளவின. பிள்ளைத்தமிழில் தெய்வத்திற்கும் மன்னர்க்கும் உரியதாயிருந்த இடத்தில், தெருவில் விளையாடும் குழந்தை வந்து அமர்ந்தது. பாப்பாவை விளித்துப் பாரதியார் பாடியதும், பின்னர் அழ. வள்ளியப்பா தம் வாழ்நாளையே குழந்தைப் பாட்டிற்கு ஈந்ததும் இவ்வழியினவே. யார் எழுதியது என்று அறியாமலே கவிமணியின் பாட்டைத் தம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மார் பலர். இதனினும் பெரிய புகழ் ஒரு கவிஞர்க்கு வேண்டுவதில்லை.

கவிமணி 1954இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1956 நவம்பர் முதல் நாள், தேரூர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. எனினும் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் பயில்வன மலையாளமும் ஆங்கிலமுமே. அண்டை வீட்டாரோடு பேசி மகிழ மலையாளம் வேண்டும்; அதனை நன்கு கற்பது நன்றே. ஆயின், வீட்டிலே தமிழ் எந்நிலையில் இருக்கிறது என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

பள்ளியில் இல்லாத மொழி நாளடைவில் ‘உண், உறங்கு, கதவைச் சாத்து’ என்னும் ஏவற்சொற்களாய்ச் சுருங்கிவிடும். அடுக்களையைத் தாண்டிய சொற்கள் குழந்தைக்கு எங்கிருந்து கிட்டும்? பாட்டிலிருந்தே கிட்டும். மலையும் கடலும், அருளும் அறமும், வியப்பும் இரக்கமும் பாட்டின் வழியே அதன் நாவில் ஏறுகின்றன. ஆங்கே தேர்வில்லை, பிழைக்குத் தண்டனையும் இல்லை. பாட்டி ஓரடி பாட, பேரக்குழந்தை மறு அடி பாடினாற் போதும்.

ஆகவே, நூலை வாங்கிப் பேழையில் வைப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. விளக்கேற்றிய பின்னர்ச் சிறிது நேரம் தாயும் தந்தையும் குழந்தையோடு அமர்ந்து பாடுவாராக. குரல் இனிதாக இல்லையே என்று தயங்க வேண்டா. குழந்தைக்கு அக்குரலே இனிது.