தோலும் தோளும்

2019 ஆடி மாதம். அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் தரிசனம் கொடுத்த வருஷம். காஞ்சிபுரத்துக்குள் கால் வைக்க இடமில்லாததால் வெளியூர் வண்டிகள் ஓரிக்கையோடு நின்றன. அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில், பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்குவதற்கு முன்பாக அவர் செய்த முதல் வேலை பெல்ட்டைத் தளர்த்தியதுதான். வலது இடுப்பில் இருந்த துப்பாக்கி உறையை முன்பக்கம் இழுத்துத் தொடைமேல் சாய்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"ரொம்ப வெயிட்டா சார்?" என்றேன்.

"ஒரு கிலோகூட இருக்காது தம்பி. காலைல கட்டும்போது ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் பாருங்க, இடுப்பெலும்பு மேல அம்மியத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும்."

உறை பழையது. விளிம்பில் தையல் நூல் கறுத்து, மூடியின் மடிப்பில் தோல் கண்ணாடிபோல வழுவழுத்திருந்தது. துப்பாக்கியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அது தூங்கும் இந்தத் தோல் பைக்கு யாரும் ஜாதகம் எழுதியதாகத் தெரியவில்லை.

இந்தப் பை பிறந்தது மனிதன் இடுப்பில் அல்ல, குதிரையின் முதுகில். பழைய குதிரைப்படை வீரனின் கைத்துப்பாக்கிகள் ஜோடியாகச் சேணத்தின் முன்பக்கம் தொங்கின. எடையைக் குதிரை சுமந்தது, ஆள் சும்மா உட்கார்ந்தான். இந்தியாவில் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரத் துரைகள் அதையும் மிஞ்சினார்கள். யானை அம்பாரியில் உட்கார்ந்து புலி சுடப் போகும்போது, குண்டடிபட்ட புலி திரும்பி யானையின் தலைமேல் பாய்ந்துவிட்டால் நீளத் துப்பாக்கியைத் திருப்ப நேரமிருக்காது. அந்தக் கடைசி நொடிக்கென்றே குட்டையான, வாய் அகன்ற, இரண்டு அல்லது நான்கு குழல் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்று உண்டாயிற்று. அம்பாரி என்பதற்கான 'ஹௌதா' என்ற இந்துஸ்தானிச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள்: ஹௌடா பிஸ்டல். வேட்டைக்கான பெரிய கைத்துப்பாக்கிகளுக்கு அதுவே பாட்டன். அதன் எடையும் யானைக்குத்தான்.

சுழல் துப்பாக்கி பரவிய பிறகு, குதிரையிலிருந்து இறங்கியவனும் அதை உடம்போடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். தொல்லை அங்கே ஆரம்பித்தது. நம் பெண்கள் இடுப்பில் குடம் சுமக்கவில்லையா என்று கேட்கலாம். சுமக்கிறார்கள்; ஆனால் உடம்பை எதிர்ப்பக்கம் ஒடித்துக் கொடுத்து, ஒரு கையால் அணைத்து, பத்து நிமிஷத்தில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டிய போலீஸ்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு வழி கண்டவர் ஒற்றைக் கை மனிதர். சாம் பிரவுன், 1824இல் வங்காளத்தின் பாரக்பூரில் பிறந்தவர், இரண்டாம் பஞ்சாப் குதிரைப்படையின் அதிகாரி. சிப்பாய்ப் புரட்சியின்போது, 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் ஒரு பீரங்கியைக் கைப்பற்ற ஒரே ஒரு குதிரை வீரனோடு பாய்ந்தார். இரண்டு வாள் வெட்டு விழுந்தது. ஒன்று முழங்காலில், இன்னொன்று இடது கையைத் தோளோடு துண்டாக்கியது. விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது. ஆனால் அன்றாடச் சங்கடத்தைப் பதக்கம் தீர்க்குமா? வாளை உருவ வேண்டுமானால் இடது கையால் உறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத்தான் அந்தக் கை இல்லையே. அகலமான தோல் பெல்ட் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதைத் தோள்மேல் போகும் வாரால் இழுத்துப் பிடித்தார். வாள் ஆடாமல் நின்றது. வலது இடுப்பில் ரிவால்வர் உறையும் அதே வாரின் தயவில் கீழே சரியாமல் நின்றது. இடுப்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொண்டது.

சாம் பிரவுன் பெல்ட் என்ற பெயரோடு அது பிரிட்டிஷ் ராணுவம் முழுக்கப் பரவியது. முதல் உலகப் போரில் பிரான்சுக்கு வந்த அமெரிக்க அதிகாரிகளும் ஆசையாக மாட்டிக்கொண்டார்கள். ஊர் திரும்பிக் கப்பலை விட்டு இறங்கியதும் கழற்றச் சொன்னார்களாம், அங்கே அப்போது அதற்கு அனுமதி இல்லை. நம் ஊரில் அணிவகுப்பு நாளில் இன்ஸ்பெக்டரின் மார்பில் குறுக்கே ஓடுகிறதே கிராஸ் பெல்ட், அது இந்த ஒற்றைக் கைக்காரரின் வாரிசு. இன்று பெரும்பாலும் அழகுக்கு மட்டுமே. டீக்கடையில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அன்று அந்த வார் இல்லை. வெறும் இடுப்பு பெல்ட்தான்.

ஓரிக்கைக்காரர்களுக்கு இந்த சூட்சுமம் முன்பே தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பல்லவ ராஜா கணிகண்ணனை நாடு கடத்த, அவனோடு குரு திருமழிசையாழ்வார் கிளம்ப, ஆழ்வார் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்த கதை இந்த ஊருடையது. அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிரவிருக்கை, தேய்ந்து ஓரிக்கை. என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது, பெருமாள் படுக்கையை அக்குளில் இடுக்கினார் என்று சொன்னதே இல்லை. தோளில் போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்வாள்.

சரி, தோளை விட்டுத் தோலுக்கு வருவோம். ஓரிக்கையை ஒட்டி ஓடும், அல்லது பெரும்பாலும் ஓடாத, பாலாற்றில் மேற்கே போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. எல்லாம் தோல் ஊர்கள். அங்கே தோல் பதனிடும் இடத்துக்குப் பெயர் 'தோல் ஷாப்'. பழைய முறையில் பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்புக் குழிக்குப் போகும். முடியும் சதையும் வழித்தெடுத்த பிறகு, ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய். தரிசில் தானாக மஞ்சள் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் சென்னை மாகாணத் தோலுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு இந்தத் தோலை மொத்தமாகத் தன் கட்டுப்பாட்டில் வாங்கி, சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகக் கப்பலேற்றியது. முதல் தோல் வியாபாரிகளின் பங்கு, அந்தப் பணத்தில் எழும்பிய பள்ளிகள், கல்லூரிகள் பற்றியெல்லாம் பேச ஆள் உண்டு. குழிக்குள் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் கால் விரல்களைச் சுண்ணாம்பு தின்ற கதையைப் பேசியவர்கள் குறைவு.

பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒரு பொருளின்மேல் வைத்து விரலால் அழுத்திவிட்டு நிழலில் காயவைத்தால், அந்தப் பொருளின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். விறைப்பாக நிற்கும். நல்ல துப்பாக்கி உறையெல்லாம் இப்படித்தான் உருவாகிறது. உள்ளே பாலிதீன் சுற்றிய துப்பாக்கியை, அல்லது அதே அளவில் செய்த அச்சை வைத்து, உருளை, விசைக்கூடு, குழல் என்று ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தோலின்மேல் எடுத்துவிடுகிறார்கள். பிறகு துப்பாக்கி தன் உருவத்தின் பிடியிலேயே நிற்கும்.

இன்னொரு வழி குரோம். 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை ஓவியக் கல்லூரியில் குரோம் உப்பில் தோல் பதனிட்டுப் பார்த்தார். எதற்காகத் தெரியுமா? கமலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் சாலுக்காக. சதா நனையும் சால் பட்டைத் தோலில் சீக்கிரம் அழுகியது. குரோம் தோல் தாங்கியது. கமலையின் கிறீச்சொலியிலிருந்து ஆரம்பித்த தொழில்நுட்பம் பின்னாளில் பாலாற்றங்கரையையே பிடித்துக்கொண்டது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. செருப்புக்கும் சட்டைக்கும் ஏற்ற மெத்தென்ற தோல் அது. உறைக்கு அந்த மென்மையே பகை. தொங்கிப்போகும், வடிவம் நிற்காது, மிஞ்சிய உப்பு இரும்பை அரிக்கும் என்பது உறை தைப்பவர்களின் பழைய புகார். பட்டைத் தோலும் சாமியார் இல்லை. அதிலுள்ள அமிலம் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏற்றும், மழைக்கால ஈரத்தை உறிஞ்சி வைத்துத் துப்பாக்கியில் துரு ஏற்றும். அதனால் உறை நடப்பதற்கு மட்டும். வீட்டுக்கு வந்தால் துப்பாக்கியை வெளியே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். சென்னை மாதிரிக் கடலோரத்தில் இது இரட்டிப்பு உண்மை.

இந்தக் கணக்கெல்லாம் உச்சத்துக்குப் போவது வேட்டை ரிவால்வரில். 1955 கடைசியில் அமெரிக்காவில் .44 மேக்னம் வந்தது. 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .500, நீளக் குழலோடு ஏறக்குறைய 2 கிலோ. நம் சப்-இன்ஸ்பெக்டர் பட்டதைப்போல் இரண்டு மடங்கு. இடுப்பில் மாட்டினால் உட்காரும்போது குழல்முனை நாற்காலியில் முட்டி, பிடி விலாவில் குத்தும். மலையேறினால் தொடையில் அடிக்கும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை சரியாக அதே இடத்தைக் கேட்கும். ஆகவே அலாஸ்காவில் கரடி பயத்தோடு ஆற்றில் இறங்கி மீன்பிடிப்பவர்கள் அதை மார்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு வார் தோளைச் சுற்றும், ஒரு வார் முதுகைச் சுற்றும், துப்பாக்கி மார்பின் குறுக்கே சாய்வாகப் படுத்திருக்கும். சாம் பிரவுனின் வார் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட கோலம் இது.

அங்கே ஒருவன் உறை வாங்கப் போனால் பார்க்க வேண்டியது நிறம் அல்ல. காலித் துப்பாக்கியைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, படியேறிப் பார்க்க வேண்டும். விசை முழுக்க மூடியிருக்கிறதா, குதித்தாலும் துப்பாக்கி நழுவாமல் பிடிக்கும் வார் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா, தோளில் பதியும் பட்டை இரண்டு விரல் அகலமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பில்தான் வேண்டுமென்றால் உறையைவிட பெல்ட்டுக்குச் செலவு செய்வது புத்தி. தொளதொள பெல்ட்டில் எந்த உறையும் தலைகீழாகச் சாயும். நைலான் மலிவு, சீக்கிரம் தளரும். சூடுபடுத்தி வார்க்கும் பிளாஸ்டிக் உறை தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் உடம்போடு அது ஒருநாளும் பழகாது. தோல் பழகும். இது என் பட்சபாதம்.

இங்கே அந்த ரிவால்வருக்கு வேலை இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்கான கதவு மூட ஆரம்பித்தது. அதற்கும் வெகு முன்னால், 1798இல், உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் வேடந்தாங்கல் ஜனங்கள் பறவை சுடவந்த வெள்ளைக்காரர்கள்மேல் புகார் சொல்லி, கலெக்டர் லயோனல் பிளேஸிடம் காப்புப் பத்திரமே எழுதி வாங்கிவிட்டார்கள். ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலந்தால் வயல் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. வேட்டைத் துப்பாக்கி இந்தச் சீமையில் ஆரம்பம் முதலே வேண்டாத விருந்தாளி.

தோல் மட்டும் இங்கேயே தங்கியது, ஆற்று மணலில். குரோமும் உப்பும் பாலாற்றில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். அந்த ஆற்றில்தான், கீழே, ஓரிக்கை மணலில் கிணறு வைத்துக் காஞ்சிபுரத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

டீக்கடைக்காரர் சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். எழுந்து, பெல்ட்டை ஒரு துளை தள்ளி மாட்டினார். தொடைமேல் உறை கிடந்த இடத்தில் காக்கி வியர்வையில் நனைந்து, அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"இன்னிக்கு எத்தனை மணிக்கு சார் டியூட்டி முடியும்?"

"சாமி எப்போ படுக்குறாரோ அப்போதான் தம்பி," என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் போனார், வலது கையால் உறையை மேலே தூக்கிப் பிடித்தபடி.